160 கோடி தோட்டா: அமெரிக்கக் கடைகளைக் காலி செய்தது யார்?

2013-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைகளில் எங்கு போய்க் கேட்டாலும் ஸ்டாக் இல்லை என்பதுதான் பதில். வால்மார்ட் கிளைகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டித் தோட்டாவுக்கு மேல் கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சரக்கு லாரி எப்போது வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, கடை திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நின்றது. மதியம் போனவர்களுக்கு வெறும் அலமாரிதான்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். இங்கே துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களே, உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள்தான் தோட்டா வாங்க முடியும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை. மளிகையும் குழந்தைக்கு டயாப்பரும் வாங்கப் போகிறவர், அதே கடையில் இன்னொரு பகுதியில் தோட்டாவும் வாங்கிக்கொண்டு வரலாம். ரைஃபிள் தோட்டாவுக்கு 18 வயது, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள், வார இறுதியில் குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்கள், தற்காப்புக்கு வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என வாங்குபவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது கிட்டத்தட்ட அன்றாடச் சரக்கு.

அந்தச் சரக்கு திடீரென்று மாயமானபோது, 'யார் எடுத்துக்கொண்டு போனது?' என்று கேள்வி எழுந்தது. பதிலும் தயாராக இருந்தது. 'அரசாங்கம்தான். 160 கோடி தோட்டாக்களை வாங்கிப் பதுக்குகிறது. மக்கள் கையில் தோட்டா இல்லாமல் செய்யத் திட்டம் போடுகிறது.'

இந்த 160 கோடி எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு உண்மை?

எண் பிறந்த கதை

எண் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது.

2012 மார்ச்சில் ஏ.டி.கே என்ற தோட்டாத் தயாரிப்பு நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு, ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சம் 45 கோடி '.40 காலிபர்' தோட்டாக்களை வழங்கும் ஒப்பந்தம் தங்களுக்குக் கிடைத்திருப்பதாக அது சொன்னது. எல்லைக் காவல், குடியேற்றத் துறை, அதிபருக்குப் பாதுகாப்பு தரும் சீக்ரெட் சர்வீஸ் ஆகியவையெல்லாம் இந்தத் துறையின் கீழ் வருபவை. அதன் பிறகு பயிற்சி மையங்களுக்காகவும், ரைஃபிள் தோட்டாக்களுக்காகவும் வேறு சில டெண்டர்கள் வெளியாயின. எல்லாவற்றின் உச்ச அளவையும் கூட்டினால் 160 கோடியைத் தாண்டியது. 2013 பிப்ரவரியில் இந்தக் கூட்டுத்தொகை பெரிய செய்தியானது.

இதில் முக்கியமான வார்த்தை 'அதிகபட்சம்'. ஒரு கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஆயிரம் இலை வரை போகலாம். ஓர் இலைக்கு இன்ன விலை. எத்தனை இலை விழுகிறதோ அதற்குத்தான் பணம்' என்று பேசி முடிக்கிறோம். விலையை முன்கூட்டியே கட்டிப்போட்டு வைப்பதற்கும், கடைசி நேரத்தில் இல்லை என்று கைவிரிக்காமல் இருப்பதற்கும் அந்தப் பேச்சு. ஆயிரம் பேரும் சாப்பிட்டாக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்க அரசின் தோட்டா ஒப்பந்தங்களும் இந்த வகைதான். நான்கைந்து ஆண்டுகளுக்கு விலையைப் பேசி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேவையான அளவு வாங்குவார்கள்.

ஆனால் இணையத்தில் பரவியபோது 'அதிகபட்சம்' கழன்று விழுந்தது. 'ஐந்து ஆண்டுகளில்' என்பதும் காணாமல் போனது. மிச்சம் நின்றது 'அரசு 160 கோடி தோட்டா வாங்குகிறது' என்ற ஒற்றை வரிதான். இந்தத் தோட்டாக்களை வைத்து இராக் போரை 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தலாம் என்று ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது.

ஓய்வூதிய ஆபீஸுக்கு எதற்குத் தோட்டா?

இந்தப் பயத்துக்கு முன்னோட்டம் 2012 ஆகஸ்ட்டிலேயே ஓடிவிட்டது. முதியோர் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1,74,000 தோட்டாக்கள் வேண்டும் என்று டெண்டர் விட்டிருந்தது. பென்ஷன் கொடுக்கிற ஆபீஸுக்குத் தோட்டா எதற்கு? பென்ஷன் நின்றால் கலவரம் வரும், அதற்குத்தான் தயாராகிறார்கள் என்று எழுதினார்கள்.

உண்மை சப்பென்று இருந்தது. இறந்துபோனவர் பெயரில் பென்ஷன் வாங்குவது போன்ற மோசடிகளை விசாரிக்க அந்த நிர்வாகத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தில் 295 சிறப்பு அதிகாரிகள் இருந்தார்கள். நாடு முழுக்க 66 அலுவலகங்களில் பணியாற்றிய இவர்கள் கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கியும் உள்ளவர்கள். 1,74,000-ஐ 295-ஆல் வகுத்தால் ஆளுக்கு 590 தோட்டா. ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய சுடும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் அது பெரிய அளவே இல்லை.

அதே மாதம் வானிலை ஆய்வுத் துறையின் பெயரில் 46,000 தோட்டாக்களுக்கு ஒரு டெண்டர் வந்தது. மழை வருமா என்று பார்க்கிறவர்களுக்குத் தோட்டா எதற்கு என்று கேலி கிளம்பியது. விசாரித்தால், துறையின் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். உண்மையில் கேட்டது கடல்வளச் சட்டங்களை அமல்படுத்தும் மீன்வளக் காவல் பிரிவு. திருத்தம் வெளியானது. வழக்கம்போல, முதலில் வந்த செய்தியைப் படித்த அளவுக்குத் திருத்தத்தை யாரும் படிக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் கவனிக்கத்தக்கது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் உரிமைக்காக அரசோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் தேசிய ரைஃபிள் சங்கமே அப்போது ஒரு விளக்கம் வெளியிட்டது. ஆயுதம் ஏந்திய அதிகாரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்த அளவு ஆச்சர்யப்படக்கூடியதல்ல என்பதுதான் அதன் சாரம். அரசை நம்பாதவர்கள்கூட நம்பியிருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்த விளக்கம் அது. அதுவும் எடுபடவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

சரி, வாங்கியது எவ்வளவு? அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால், நம் சி.ஏ.ஜி போன்ற தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ இதை ஆராய்ந்தது. 2014 ஜனவரியில் அறிக்கை வந்தது.

2008 முதல் 2013 வரையிலான நிதியாண்டுகளில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை சராசரியாக ஆண்டுக்கு சுமார் 10.9 கோடி தோட்டாக்கள் வாங்கியிருக்கிறது. நாடே 'அரசு பதுக்குகிறது' என்று பேசிக்கொண்டிருந்த 2013 நிதியாண்டில் வாங்கியது சுமார் 8.4 கோடி. முந்தைய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டோடு ஒப்பிட்டாலும் அது குறைவு. அதாவது, பதுக்கல் நடப்பதாகச் சொல்லப்பட்ட ஆண்டில் கொள்முதல் இறங்கியிருந்தது.

இதை மொத்தச் சந்தையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி தோட்டாக்கள் வருவதாக அந்தத் தொழில்துறையினர் அப்போது மதிப்பிட்டார்கள். 1,000 கோடியில் 8.4 கோடி என்பது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. வதந்தியில் சொன்னபடியே 160 கோடியையும் ஐந்து ஆண்டுகளில் முழுதாக வாங்கியிருந்தால்கூட ஆண்டுக்கு 32 கோடி. அப்போதும் மூன்று சதவிகிதத்தைச் சுற்றித்தான் வரும். நூறு மூட்டை அரிசி வரும் கடையில் மூன்று மூட்டையை ஒருவர் வாங்கிப்போனால் கடை காலியாகிவிடாது.

அப்படியானால் மிச்ச 97 மூட்டை எங்கே போனது?

ஒரு பள்ளி, ஒரு பேச்சு, ஓர் ஓட்டம்

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். நாடு உறைந்துபோனது. 2013 ஜனவரி 16-ம் தேதி அதிபர் ஒபாமா, ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குத் தடை, பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகஸின்களுக்குத் தடை, எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை என்று பரிந்துரைகளை முன்வைத்தார்.

சட்டம் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்துவிட்டால்? வருவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். துப்பாக்கி வாங்குபவர்களுக்கு எஃப்.பி.ஐ நடத்தும் பின்னணிச் சோதனைகளின் எண்ணிக்கை 2012 டிசம்பரில் மட்டும் 27 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு பதிவானதில்லை. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர் சும்மா இருப்பாரா? இரண்டு பெட்டித் தோட்டாவும் சேர்த்தே வாங்குவார்.

இது முதல் முறையும் இல்லை. 2008 நவம்பரில் ஒபாமா வெற்றி பெற்றதும் இதே காரணத்துக்காக இதே ஓட்டம் நடந்தது. 2009 முழுக்கத் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அந்த நினைவும் மக்களிடம் இருந்தது. போன முறை ஏமாந்தவர்கள் இந்த முறை முந்திக்கொண்டார்கள்.

கடைசியில் 2013 ஏப்ரல் 17-ம் தேதி, பின்னணிச் சோதனையை விரிவுபடுத்தும் திருத்தம் செனட்டில் தோற்றது. 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 54 மட்டுமே கிடைத்தன. நாடு முழுவதற்குமான சட்டம் வரவில்லை. ஆனாலும் தட்டுப்பாடு தீரவில்லை.

அரசு அதிகம் வாங்காத தோட்டாதான் அதிகம் தட்டுப்பட்டது

வதந்தியை உடைக்கும் சாட்சி இங்கேதான் இருக்கிறது.

'.22 லாங் ரைஃபிள்' என்று ஒரு சின்னத் தோட்டா உண்டு. சத்தமும் குறைவு, விலையும் குறைவு. அமெரிக்காவில் பல பிள்ளைகள் அப்பாவோடும் தாத்தாவோடும் முதன்முதலில் சுடக் கற்றுக்கொள்வது இதில்தான். முயல், அணில் வேட்டைக்கும் இதுதான். தட்டுப்பாட்டுக்கு முன்பு 500 தோட்டாக்கள் கொண்ட பெட்டி சுமார் 20 டாலருக்குக் கிடைத்தது. காவல் துறையும் எல்லைக் காவலும் பணியில் பயன்படுத்துவது .40, 9 எம்.எம், .223 போன்ற வகைகளை. .22-க்கு அவர்களிடம் பெரிய தேவை கிடையாது.

ஆனால், 2013-ல் காணாமல் போன தோட்டாக்களில் கடைசியாகத் திரும்பி வந்தது .22-தான். மற்ற வகைகள் ஓரளவு கடைக்கு வந்த பிறகும், 2014-ஐத் தாண்டியும் பல ஊர்களில் இதற்கு மட்டும் தட்டுப்பாடு நீடித்தது. அரசு வாங்கியதால்தான் பற்றாக்குறை என்றால், அரசு அதிகம் வாங்காத இந்தத் தோட்டா எப்படிக் காணாமல் போகும்?

காரணம் சாதாரணம். விலை குறைவு என்பதால் எல்லோராலும் வாங்கிக் குவிக்க முடிந்தது. மாதம் ஒரு பெட்டி வாங்கியவர் நான்கு பெட்டி வாங்கினார். கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் கண்ணில் பட்டபோதெல்லாம் வாங்கினார். இன்னொரு கூட்டம் கடை விலைக்கு மொத்தமாக எடுத்து, துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றது. நம் ஊரில் சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்பதைப் போலத்தான்.

கண்டதும் வாங்குகிறவர்கள் கூடக்கூட அலமாரி காலியானது. காலி அலமாரியைப் பார்த்தவர்கள் வதந்தியை இன்னும் உறுதியாக நம்பினார்கள். நம்பியவர்கள் இன்னும் அதிகமாக வாங்கினார்கள். வதந்தி தன் சாட்சியைத் தானே உருவாக்கிக்கொண்டது.

தொழிற்சாலைகள் ஏன் கூடுதலாகத் தயாரிக்கவில்லை?

தயாரித்தார்கள். பெரிய நிறுவனங்கள் வாரத்தின் ஏழு நாள்களும் 24 மணி நேரமும் ஆலைகளை ஓட்டின. ஆனால் புதிய ஆலை கட்டத் தயங்கினார்கள்.

தோட்டாவின் அடியில் 'பிரைமர்' என்ற சின்ன வெடிபொருள் இருக்கும். அதைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. .22 தோட்டாவிலோ தனி பிரைமர் கிடையாது. வெடிபொருளை உறையின் விளிம்புக்குள்ளேயே நிரப்ப வேண்டும். அதற்கென்றே தனி இயந்திரங்கள் வேண்டும். 9 எம்.எம் செய்யும் இயந்திரத்தைத் திருப்பிவிட்டு .22 செய்ய முடியாது. மிகக் குறைந்த லாபத்துக்கு விற்கும் பொருளுக்காகப் பல கோடி டாலர் போட்டுப் புது இயந்திரம் வாங்கி, அது ஓடத் தொடங்கும்போது பயம் அடங்கிவிட்டால் என்ன செய்வது?

அந்தத் தயக்கம் தவறில்லை என்று பின்னால் தெரிந்தது. 2016-ல் டிரம்ப் வெற்றி பெற்றதும் 'துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள்' என்ற பயம் போனது. விற்பனையும் சரிந்தது. 200 ஆண்டுகள் பழைமையான ரெமிங்டன் நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. 2020 ஜூலையில் மறுபடியும் கோரியது. அந்த இரண்டாவது முறை நடந்ததோ கொரோனா, போராட்டங்கள், தேர்தல் எல்லாம் சேர்ந்து துப்பாக்கி விற்பனை மீண்டும் உச்சத்துக்குப் போயிருந்த நேரம்! அந்த ஆண்டில் எஃப்.பி.ஐ சோதனைகள் கிட்டத்தட்ட 4 கோடி. தோட்டாத் தட்டுப்பாடும் திரும்ப வந்தது. இந்த முறை 160 கோடி டெண்டர் எதுவும் தேவைப்படவில்லை.

அரசின் கை உண்மையில் எங்கே இருக்கிறது?

அரசுக்கும் தோட்டாச் சந்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அரசின் முடிவுகள் சந்தையை அசைத்த நேரங்கள் உண்டு.

2009 மார்ச்சில் ராணுவம் பயிற்சியில் சுட்ட பித்தளை உறைகளை நசுக்கித்தான் விற்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அந்தக் காலி உறைகளை வாங்கி, மறுபடி மருந்து நிரப்பி மலிவாக விற்பவர்கள் பலர் உண்டு. அவர்களின் தொழில் படுத்துவிடும் நிலை. மொன்டானா மாநில செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் இருவரும் கடிதம் எழுதினார்கள். சில நாள்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

2021-ல் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் அமெரிக்கா புதிய தடைகளை அறிவித்தது. ரஷ்யத் தோட்டாக்களை இறக்குமதி செய்யப் புதிய அனுமதி தருவதில்லை என்பது அதில் ஒன்று. மலிவு விலைத் தோட்டாக்களில் கணிசமானவை ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்த வழி அடைபட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மிஸோரி மாநிலம் இண்டிபென்டன்ஸ் நகரில் இருக்கும் லேக் சிட்டி ஆலை. இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1941-ல் தொடங்கப்பட்ட அரசு ஆலை அது. நடத்துவது தனியார் நிறுவனம். 2020 அக்டோபரிலிருந்து வின்செஸ்டர் நடத்துகிறது. அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கிகளுக்கான தோட்டா பெருமளவு இங்கேதான் தயாராகிறது. ராணுவத்தின் தேவை போக மிஞ்சும் உற்பத்தித் திறனில் செய்யும் தோட்டாக்கள் பொதுமக்களுக்கு விற்பனையாகின்றன. போர் வந்தால் உடனடியாக உற்பத்தியைக் கூட்ட முடிய வேண்டும், அதற்கு இயந்திரங்களும் தொழிலாளர்களும் ஓய்ந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

மக்களின் தோட்டாவை அரசு பறிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், அரசுக்குச் சொந்தமான ஆலையின் தோட்டாக்கள் மக்களின் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. இதுவும் சர்ச்சை இல்லாத விஷயம் அல்ல. வரிப்பணத்தில் கட்டிய ராணுவ ஆலையின் தோட்டா கடைகளுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், அது 2013-ன் வதந்திக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும் கேள்வி.

கேட்க வேண்டிய கேள்வி

வதந்தி பொய் என்பதால் அரசு சொன்னதெல்லாம் போதும் என்று ஆகிவிடாது. 2013 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணையில் யூட்டா மாநில உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு கேள்வி கேட்டார். ஒரு ராணுவ வீரருக்கு ஆண்டுக்குச் செலவாகும் தோட்டாவைவிட, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவருக்குச் சுமார் 1,000 தோட்டா கூடுதலாகச் செலவாவது ஏன்? ஆயுதம் ஏந்திய அதிகாரிகள் ஆண்டுக்குப் பல முறை சுடும் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது துறையின் பக்கத்து விளக்கம். அந்த விளக்கம் ஏற்கத்தக்கதா என்பது வேறு விஷயம். கேள்வி நியாயமானது. வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்பதுதான் மக்கள் பிரதிநிதியின் வேலை.

அதே மாதம் ஓக்லஹோமாவைச் சேர்ந்த செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃபும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஃப்ராங்க் லூகாஸும் அரசுத் துறைகளின் தோட்டாக் கொள்முதலுக்கு உச்சவரம்பு வைக்க மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. ஆனால், நாடாளுமன்றத்தில் எழுந்த இந்தக் கேள்விகளால்தான் தணிக்கை நடந்தது. வாங்கியது, செலவழித்தது, கையிருப்பு என எல்லாமே எண்ணாக வெளிவந்தன. 2012-லேயே, டெண்டர் வெளியான அன்றே, 'இது உச்சவரம்பு மட்டுமே. போன ஆண்டு வாங்கியது இவ்வளவு, இந்த ஆண்டு வாங்கப்போவது இவ்வளவு' என்று துறை நான்கு வரி எழுதியிருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும். அரசு சொல்லாமல் விட்ட இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

யாருக்கு நஷ்டம்?

பதுக்கியவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. பிளாக்கில் விற்றவர்களுக்கு லாபம். நஷ்டப்பட்டவர்கள் தேவைக்கு மட்டும் வாங்குகிறவர்கள். சிறிய ஊர்களின் காவல் நிலையங்கள் ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தன. சில இடங்களில் சுடும் பயிற்சியையே குறைத்துக்கொண்டார்கள். பயிற்சி குறைந்த போலீஸ்காரர் கையில் துப்பாக்கி இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

இன்னொரு நஷ்டத்துக்கு விலை போட முடியாது. அரசு தோட்டாவைப் பதுக்குகிறது என்று எழுதிய தளங்களில் ஒன்று அலெக்ஸ் ஜோன்ஸின் இன்ஃபோவார்ஸ். சாண்டி ஹூக் பள்ளியில் யாருமே சாகவில்லை, துப்பாக்கியைப் பறிக்க அரசு போட்ட நாடகம் அது என்று சொன்னதும் அதே ஜோன்ஸ்தான். அதை நம்பியவர்கள், குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேடிப்போய்த் தொல்லை கொடுத்தார்கள். பெற்றோர்கள் வழக்கு போட்டார்கள். 2022-ல் கனெக்டிகட் நீதிமன்றத்தில் அவருக்கு விதிக்கப்பட்ட இழப்பீடு 140 கோடி டாலருக்கும் மேல். அரசு எது செய்தாலும் பின்னால் ஒரு சதி இருக்கிறது என்று நம்பப் பழகிவிட்டால், தோட்டா டெண்டரில் தொடங்கி இறந்த குழந்தைகள் வரைக்கும் அந்தச் சந்தேகம் போய் நிற்கிறது.

அடுத்த முறை பெரிய எண் வந்தால்...

தோட்டா நம் வீட்டுப் பொருள் இல்லை. ஆனால் 'அரசு இத்தனை கோடிக்கு வாங்குகிறது, இனி கடையில் கிடைக்காது' என்ற செய்தி உப்பைப் பற்றியும் வரும், மருந்தைப் பற்றியும் வரும், பெட்ரோலைப் பற்றியும் வரும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று வந்து விழுந்தால், ஃபார்வேர்டு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை ஆண்டுகளுக்கான எண் இது? ஐந்து ஆண்டுக் கணக்கை ஓர் ஆண்டுக் கணக்காகப் படித்தால் பயம் ஐந்து மடங்கு.

வாங்கிவிட்டார்களா, 'இதற்கு மேல் போகாது' என்று சொல்கிறார்களா? டெண்டரில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

மொத்தத்தில் இது எத்தனை பங்கு? 160 கோடி என்று சொன்னால் தலை சுற்றும். நூற்றில் மூன்று என்று சொன்னால் சுற்றாது. இரண்டும் ஒரே கணக்குதான்.

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் சந்தேகம் இருந்தால், தாராளமாகக் கேள்வி கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடைக்கு ஓடி நான்கு பெட்டி வாங்கி வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்கு ஒரு பெட்டி மிஞ்சும்.